ஏற்காடு மலை ரோட்டுல ஓடின ஒரு காரோட பின் ஹப்: சத்தம் கேட்டதுல இருந்து ரீகால் முடிஞ்ச வரைக்கும்

சேலம் கோரிமேடு பக்கம் இருக்கற ஒரு பட்டறைல ஜாப் கார்டு எழுதறது, பில் போடறது என் வேலை. இங்க வந்த ஒரு வண்டியோட கதைய முழுசா எழுதி வைக்கறேன், வண்டிக்காரங்க கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஹப்புன்னா சக்கரத்த மாட்டற நடு பாகம், அது உரசாம சுத்தறதுக்கு உள்ள இருக்கறதுதான் பேரிங். ரீகால்னா பார்ட்டுல குறைன்னு தெரிஞ்சு கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்ட்டு ஓசியில சரி பண்றது. ஆள் பேர், கம்பெனி பேர், கடை பேர் எதுவும் போடல. ரூபாய் கணக்கு மட்டும் அவங்க பில்லுல இருந்தபடி.

வண்டியும் அதோட பொழப்பும்

2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முதல் ஓனர் கோயம்புத்தூர்க்காரர். 2022ல சேலத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் டீலர் கிட்ட இருந்து இவங்க வாங்குனாங்க, ஆர்சி எல்லாம் ஒழுங்கா பேர் மாத்தியாச்சு. வீட்டுக்காரர் ஏற்காட்டுல கொஞ்சம் காப்பி, ஊடால மிளகு வெச்சிருக்கார், வீட்டம்மா ஸ்கூல் டீச்சர். பையன் பெங்களூர்ல வேலை.

வாங்குனப்பவே வாரண்டி முடிஞ்சிருந்ததால கம்பெனி சர்வீஸ் பக்கம் போனதே இல்ல, ஆயில் மாத்தறது பிரேக் பாக்கறது எல்லாமே வெளியதான். வாரத்துல ரெண்டு மூணு தடவ அடிவாரம் வழியா சேலம் இறங்கி ஏறுவாங்க, தோட்டத்துக்குள்ள மண் ரோடு, மழைன்னா பாதி சக்கரம் செம்மண் சேத்துல. பின் சீட்ட மடக்கி எரு மூட்டை, மிளகு மூட்டைன்னு ஏத்துவாங்க. சின்ன காருக்கு இது கொஞ்சம் கனமான பொழப்புதான், ஆனா ஊர்ல முக்கால்வாசி கார் இப்படித்தான் ஓடுது. எங்க கிட்ட வந்தப்ப மீட்டர் 62 ஆயிரம் சொச்சம்.

சத்தத்த யாரு முதல்ல கேட்டா

2024 அக்டோபர்ல பையன் லீவுக்கு வந்தவன் வண்டிய எடுத்துட்டு தர்மபுரி பக்கம் ஒரு விசேஷத்துக்கு போயிருக்கான். ஓமலூர் டோல் தாண்டி 60க்கு மேல போனதும் பின்னால இருந்து ஊம்முனு ஒரு சத்தம், 80ல பாட்டு சவுண்ட கூட்டி வெக்கற அளவுக்கு. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் எறக்கத்துல வளைவுக்கு வளைவு சத்தம் மாறுச்சுன்னும் சொன்னான், அத வீட்ல யாரும் பெருசா எடுத்துக்கல.

அப்பா அம்மாவுக்கு ஏன் கேக்கலன்னா அவங்க ஓட்டறது மலை ரோடு. 20 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியரும் மூணாவது கியருமா 30, 40 தாண்டாது, கண்ணாடிய இறக்கி விட்டுத்தான் ஓட்டுவாங்க. அந்த வேகத்துல வீல் பேரிங் சத்தம் இன்ஜின் முக்கறதுக்குள்ள மறஞ்சிடும். மலை வண்டிகள்ல பேரிங் கம்ப்ளைன்ட் எங்க கிட்ட லேட்டாத்தான் வருது, வரும்போது நல்லா முத்திப் போயித்தான் வருது.

இன்னொன்னும் இருந்துச்சு. டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டத்தோட லைட்) அப்பப்போ எரிஞ்சு அணைஞ்சிருக்கு, தோட்டத்து ரோட்டுல குலுங்கும்போது வரும், வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும். ‘மழைத்தண்ணி பட்டிருக்கும்’னு விட்டுட்டாங்க. பின் ஹப்புல ஆட்டம் விழுந்தா சக்கரம் சுத்தற வேகத்த படிக்கற சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறும், அப்ப அந்த லைட் வரலாம். இது எங்களுக்கு தெரிஞ்சதே பின்னாடிதான், டீச்சர் பேச்சுவாக்குல சொன்னப்ப.

டயர் மாத்துனது

முதல்ல போனது டயர் கடைக்கு. கடைக்காரர் பின் டயர கையால தடவிப் பாத்து ‘செதில் செதிலா தேஞ்சிருக்கு சார், அதான் சத்தம்’னுட்டார். ரெண்டு பின் டயர் 9,400 ரூபா, அலைன்மென்ட் பேலன்சிங் 900.

அவர் சொன்னத நான் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். மேடு பள்ளமா தேஞ்ச டயர் பேரிங் மாதிரியேதான் ஊம்முனு கத்தும், அனுபவப்பட்டவங்களுக்கே தடுமாறும். அதுலயும் பேரிங்ல ஆட்டம் இருந்தாலே டயர் அப்படித்தான் தேயும், அதனால டயர் தேஞ்சிருக்குங்கறது காரணமா விளைவான்னு பாத்த உடனே சொல்ல முடியாது. ஆனா காசு செலவில்லாம பாக்க வழி இருந்துச்சு. பின் டயர முன்னாடி போட்டு ஒரு ரவுண்டு போனா, டயர் சத்தமா இருந்தா சத்தமும் முன்னாடி வந்துடும், பேரிங்கா இருந்தா பின்னாடியேதான் நிக்கும். அதே மாதிரி டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், புது தார்ல ஒரு மாதிரி, கான்கிரீட்ல ஒரு மாதிரி. பேரிங் சத்தம் ரோட்ட பாக்காது, வேகத்தையும் வளைவையும்தான் பாக்கும். பையன் தொப்பூர் வளைவுல கேட்டதா சொன்ன ஒத்தை வரிய அந்தக் கடையில யாராவது சொல்லியிருந்தா அந்த 9,400 தப்பிச்சிருக்கலாம்.

புது டயர்ல சத்தம் கொஞ்சம் கம்மியாச்சு. ‘ஓடி ஓடி செட் ஆயிடும்’னாங்களாம்.

இடது பக்க ஹப்

ஆகல. நவம்பர்ல மலை மேலயே ஒரு மெக்கானிக் கிட்ட காட்டுனாங்க. அவர் ஓட்டிப் பாத்துட்டு இடது பின் சக்கரம்னு சொன்னார், கழட்டிப் பாத்ததுல சரியாவும் இருந்துச்சு, ஹப் சுத்தும்போதே கரகரங்குது. கூட நின்ன பெரியவர் ஒருத்தர் ‘கிரீஸ் அடிச்சு நட்ட கொஞ்சம் இறுக்குனா போதுமே’ன்னு சொல்லியிருக்கார். அது பழைய வண்டிக் கணக்கு, அதுல டேப்பர் பேரிங் இருக்கும், கழட்டி கழுவி கிரீஸ் வெச்சு நட்டுல டைட் புடிக்கலாம். இப்ப வர்ற கார்கள்ல பெரும்பாலும் பேரிங்கும் ஹப்பும் ஒரே பீஸ், சீல் பண்ணி வர்றது, உள்ள கிரீஸ் வெக்க வழியே கிடையாது, போச்சுன்னா முழுசா மாத்தறதுதான். மெக்கானிக்கும் அதத்தான் சொல்லி, சேலத்துல இருந்து வெளி கம்பெனி பார்ட் வரவழைச்சு மாத்துனார். பார்ட் கூலி சேத்து 4,300.

சத்தம் நல்லா குறைஞ்சுது, முழுசா போகல. மிச்ச சத்தத்துக்கும் அதே பழைய சமாதானம், ‘புது பார்ட்டு, ஓடணும்’.

இந்த இடத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு, பின்னால ரெண்டுமே முக்கியமாச்சு. ஒன்னு, பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு வெள்ளை பேப்பர், ‘ஹப் பேரிங் 1, 4300’ அவ்வளவுதான், வண்டி நம்பர் இல்ல, கிலோமீட்டர் இல்ல, எந்தப் பக்கம்னும் இல்ல. கழட்டுன பழைய ஹப் காயலான் கடைக்கு போயிடுச்சு. ரெண்டாவது, அந்த மெக்கானிக் பழைய ஹப்ப கையில வெச்சு ஒரு போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்பியிருந்தார், ‘பாருங்க சார் எப்படி போயிருக்குன்னு’.

வளைவுல நின்ன வண்டி

ஹப் மாத்துன அதே வாரம் சேலத்துல இருந்து மேல ஏறிட்டு இருந்தவருக்கு நாலஞ்சு வளைவு தாண்டினதும் பின்னால டக்கு டக்குனு ஒரு சத்தம். பழைய ஊம் சத்தம் இல்ல இது, மெதுவா போனா மெதுவா அடிக்குது, வேகமா போனா வேகமா அடிக்குது. நல்லவேளையா ஓரமா இடம் இருந்த வளைவுல நிறுத்திட்டார். இடது பின் சக்கரத்து வீல் கேப்ப புடுங்குனா உள்ள ஒரு நட்டு கழண்டு தனியா கிடக்குது. கேப் இருந்ததால அது ரோட்டுல விழாம உள்ளயே உருண்டுட்டு இருந்திருக்கு. இன்னொரு நட்டு கை விரலாலயே சுத்துது. மொத்தமே நாலு நட்டுதான்.

வீல் ஸ்பேனர் போட்டு இறுக்கிட்டு, மேல போகாம திருப்பி மெதுவா இறங்கி எங்க கிட்ட வந்தார். நாங்க கழட்டிப் பாத்தப்ப ரெண்டு ஸ்டட்டுல, அதாவது நட்டு ஏறற போல்ட்டுல, மரை போயிருந்துச்சு, ரிம்முல நட்டு உக்கார்ற ஓட்டையும் லேசா தேய ஆரம்பிச்சிருந்துச்சு. ரிம்மோட உள் முகத்துல காஞ்ச செம்மண்ணும் துருவும் ஒரு பத்தையா அப்படியே ஒட்டி இருக்கு. அந்த அழுக்கோடயே ரிம்ம வெச்சு ஏர் கன்னால அடிச்சா அப்போதைக்கு டைட்டாத்தான் தெரியும், ஓட ஓட அந்த மண்ணு நசுங்கி உதிரும், நசுங்குன அளவுக்கு நட்டுல இறுக்கம் போயிடும். மலை ரோடு வேற, பிரேக்கும் திருப்பமுமா இருக்கும்.

ரிம்மு முகத்த கம்பி பிரஷ் போட்டு தேச்சு, ரெண்டு ஸ்டட்டும் நட்டும் மாத்துனோம், 650 ரூபா. எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்கற டார்க் ரெஞ்ச்ல டைட் வெச்சோம். இந்த மாதிரி சின்ன கார்களுக்கு பொதுவா 85ல இருந்து 110 நியூட்டன் மீட்டர்க்குள்ள இருக்கும், வண்டியோட மேனுவல்ல போட்டிருக்கும், அதப் பாத்துத்தான் வெக்கணும்.

நாலு சக்கரத்தையும் சுத்திப் பாத்தது

நட்டு கழண்டு வந்த வண்டின்னா எங்க மெக்கானிக் மத்த மூணு சக்கரத்தையும் தூக்கிப் பாக்காம விட மாட்டார். ஜாக்கி போட்டு சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டறது, அப்பறம் பக்கவாட்டுல புடிச்சு ஆட்டறது. மேல கீழ ஆட்டம் இருந்தா பேரிங் பக்கம் சந்தேகம், முன் சக்கரத்துல பக்கவாட்டுல மட்டும் ஆட்டம்னா டை ராடு (ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்கற கம்பி) பக்கம். அதுக்கு அப்பறம் ஒரு கைய காயில் ஸ்பிரிங் மேல வெச்சுட்டு இன்னொரு கையால சக்கரத்த வேகமா சுத்தி விடுவார். நல்ல பேரிங்னா ஸ்பிரிங்ல ஒன்னுமே தெரியாது. வலது பின் சக்கரத்துல கைய வெச்சவர் என்னையும் கூப்ட்டு வெக்கச் சொன்னார், அம்மியில மணல் போட்டு அரைக்கற மாதிரி ஒரு நரநரப்பு விரல் வழியா ஏறுது.

அப்பறம் கன்னங்குறிச்சி பக்கம் ஒரு ரவுண்டு. இடது பக்கம் வளையும்போது சத்தம் ஏறுது, வலது பக்கம் வளையும்போது அடங்குது. இடது பக்கம் திரும்புனா பாரம் வலது சக்கரத்து மேல போகும், அதனால வலதுதான்.

“அண்ணா, வலது பக்கமும் போயிடுச்சு.”

“என்ன தம்பி சொல்ற, இப்பதான இடது மாத்துனேன். ஏதாவது டூப்ளிகேட் போட்டுட்டானா?”

“அது நல்லாத்தான் இருக்கு. இது வண்டியோட வந்த பழசு.”

இங்கதான் எங்களுக்கு உறுத்துச்சு. இந்த மாதிரி சீல் ஹப் சாதாரணமா ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேலயும் தாங்கறத பாக்கறோம். சேறு, மூட்டை எல்லாம் காரணமா இருக்கலாம், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே சீசன்ல 62 ஆயிரத்துல போறதுன்னா பார்ட்டு மேலயும் சந்தேகப்படணும். ஆர்சில இருந்த 17 எழுத்து சேசிஸ் நம்பர கம்பெனி வெப்சைட்டுல ரீகால் பாக்கற பக்கத்துல அடிச்சுப் பாத்தேன். பின் ஹப்புக்கு ரீகால் இருக்கு, இந்த வண்டிக்கு இன்னும் செய்யலன்னு வந்துச்சு.

எப்படி இவங்களுக்கு தெரியாம போச்சுன்னா, லெட்டரும் மெசேஜும் போனது கோயம்புத்தூர் முதல் ஓனருக்கு. ஆர்டிஓ ஆபீஸ்ல பேர் மாத்துனா கம்பெனி கம்ப்யூட்டர்ல தானா மாறிடாது. இவங்க ஒரு தடவ கூட கம்பெனி சர்வீஸ் சென்டர் வாசல மிதிக்காததால அங்க நம்பர் மாத்தற சந்தர்ப்பமும் வரல.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

வலது ஹப்ப நாங்களே அன்னிக்கே மாத்தியிருக்கலாம், 4,000 சொச்சம் பில் போட்டிருக்கலாம். பண்ணல. கம்பெனி ஓசியில செய்ய வேண்டிய வேலை, அதுலயும் பழைய பார்ட் வண்டியில இருக்கறதுதான் அவங்களுக்கு இருக்கற நல்ல சாட்சி.

ரீகால்னு கேட்டதும் வீட்டுக்காரர் பயந்துட்டார், ‘அப்ப ஓட்டவே கூடாதா?’ன்னு. ரீகால்ல பல ரகம் இருக்கு. 2022ல மாருதி 19,731 ஈக்கோ வண்டிய திரும்பக் கூப்ட்டாங்க, வீல் ரிம் சைஸ் தப்பா குறிச்சிருந்ததுக்கு, சக்கரம் கழண்டு விழற விவகாரம் இல்ல அது. அதே வருஷம் டொயோட்டா பிஇசட்4எக்ஸ்னு ஒரு கரண்ட் காருக்கு, ஹப் போல்ட் லூசாகி சக்கரமே கழண்டு வரலாம்னு உலகம் பூரா சுமார் 2,700 வண்டிக்கு ரீகால் விட்டு, சரி பண்ற வரைக்கும் ஓட்டவே வேணாம்னுட்டாங்க. அதனால ரீகால்னு பேர கேட்டு பயப்படறதும் வேணாம், அசால்ட்டா விடறதும் வேணாம், என்ன குறைன்னு படிக்கணும். இவங்க வண்டிக்கு ‘ஓட்டாதீங்க’ன்னு போடல, ஆனா பேரிங் கையிலயே நரநரங்குது, பின்னாடி டிரம் பிரேக் அந்த ஹப்போட சேந்துதான் சுத்துது, 20 வளைவு ஏறி இறங்கணும். மலைக்கு எடுத்துட்டு போக வேணாம்னு நாங்க சொன்னோம். அஸ்தம்பட்டியில சொந்தக்காரங்க வீட்ல வண்டிய விட்டுட்டு அவங்க பஸ்ஸுல போய் வந்தாங்க. டீச்சருக்கு அது நல்ல கஷ்டம், ஆனா மாத்திப் பேசல.

சர்வீஸ் சென்டர்ல

போன் பண்ணதுக்கு பார்ட் ஸ்டாக் இல்ல, வந்ததும் சொல்றோம்னாங்க. மூணு வாரம் கிட்ட ஆச்சு. முதல்ல ‘நீங்க எங்க கஸ்டமரே இல்லையே’ன்னு ஒரு பேச்சு வந்திருக்கு. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. எத்தனாவது ஓனரா இருந்தாலும், வெளிய சர்வீஸ் பண்ணியிருந்தாலும் சேசிஸ் நம்பர் லிஸ்ட்ல இருந்தா செஞ்சு குடுக்கணும். டீச்சர் அத அமைதியா எடுத்துச் சொல்லவும் வேற பேச்சு இல்ல.

டிசம்பர்ல வண்டிய எடுத்து வலது ஹப் மாத்துனாங்க, இடது பக்கம் வெளி பார்ட் இருந்தத பாத்துட்டு அதையும் கழட்டி கம்பெனி பார்ட்டே போட்டாங்க, ரெண்டுக்கும் காசு இல்ல. ஏபிஎஸ் லைட் அதுக்கப்பறம் வரல. கழட்டுன வெளி ஹப்ப இவங்க கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

செலவு பண்ண காசு

டயர் 9,400, அலைன்மென்ட் 900, இடது ஹப் 4,300, ஸ்டட் 650, ஆக 15,250. இதுல ரீகால் பார்ட்டுக்காக ஏற்கனவே போட்ட 4,300 திரும்ப வேணும்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டதுக்கு பில்ல காட்டச் சொன்னாங்க, வெள்ளை துண்டு பேப்பர பாத்துட்டு ‘இது எந்த வண்டிக்குன்னே தெரியலையே மேடம்’னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க சொன்னதுலயும் ஞாயம் இருக்கு.

டீச்சர் விடல. கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டாங்க. மெக்கானிக்குக்கு யுபிஐல அனுப்புன காசு, தேதியோட. அதே தேதியில வாட்சப்புல வந்த பழைய ஹப் போட்டோ. பெருசு பண்ணிப் பாத்தா ஹப்பு ஓரத்துல அடிச்சிருந்த பார்ட் நம்பரும் லாட் குறியும் படிக்கற மாதிரியே விழுந்திருந்துச்சு, அது யாரும் யோசிச்சு எடுத்தது இல்ல, வெளிச்சம் நல்லா இருந்த நேரம். 2025 பிப்ரவரியில 2,850 ரூபா வந்துச்சு, அவங்க பார்ட் விலை மட்டும். கூலி இல்ல, டயருக்கு இல்ல.

டயர் காசுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு போலாமான்னு வீட்ல பேச்சு ஓடுச்சு. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 1915க்கு போன் பண்ணியும் புகார் சொல்லலாம். ஆனா டயர் தேஞ்சது ஹப்பாலயா, மூட்டையாலயா, அலைன்மென்ட்டாலயான்னு நிரூபிக்கணும், கழட்டுன பழைய டயர் ரெண்டும் கடையிலயே விட்டாச்சு. வேணாம்னு முடிவு பண்ணாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

சட்டம் எந்த அளவுக்கு இருக்குன்னா, 2019 மோட்டார் வாகன திருத்தச் சட்டத்துல 110ஏ பிரிவுல ரீகால் வந்துச்சு, 2021 ஏப்ரல் 1ல இருந்து 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு கவர்மென்ட்டே கட்டாய ரீகால் உத்தரவு போடலாம், அபராதம் 1 கோடி வரைக்கும் போகும். ஆனா நாம பேப்பர்ல பாக்கறது பெரும்பாலும் 2012ல இருந்து கம்பெனிங்க தாங்களா அறிவிக்கற ரீகால்தான், இவங்க வண்டியோடதும் அதுதான்.

இப்ப மாறுனது

டீச்சர் கம்பெனி ரெக்கார்டுல தன் நம்பர போட வெச்சுட்டாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப இன்சூரன்ஸ், எஃப்சி, ஃபைன் பாக்கி எல்லாம் பாக்கறோம், சேசிஸ் நம்பர கம்பெனி சைட்டுல அடிக்கறது ரெண்டு நிமிஷ வேலை, அத டீலரும் பண்ணல வாங்குனவங்களும் பண்ணல. டீலர் பண்ணியிருக்கணும்ங்கறது என் கருத்து, லாபம் வெச்சுத்தான விக்கறாங்க.

எங்க பட்டறையில ஜாப் கார்டுல சேசிஸ் நம்பருக்கு ஒரு கட்டம் சேத்தாச்சு, சக்கரம் பிரேக் ஸ்டியரிங் சம்பந்தமா எது வந்தாலும் அடிச்சுப் பாத்துட்டுத்தான் ஸ்பேனர எடுக்கறாங்க. கழட்டுன பார்ட்ட கவர்ல போட்டு வண்டி நம்பர், பக்கம், கிலோமீட்டர் எழுதி ஓனர் கையிலயே குடுத்துடறோம். பாதி பேரு ‘இத வெச்சு நான் என்ன பண்றது’ன்னு சிரிக்கறாங்க.

சத்தம்னு வர்ற வண்டிக்கு ஹைவேஸ்ல ஓட்டிப் பாக்காம எந்த பார்ட்டும் சொல்றது இல்ல, மலை வண்டின்னா கண்டிப்பா. அப்பறம் சக்கரம் கழட்டி மாட்டுனா ரிம் முகத்த தேச்சுட்டுத்தான் மாட்டறது, 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள நட்டு டைட்ட திரும்பப் பாக்கணும்னு பில்லுலயே சீல் அடிச்சுக் குடுக்கறோம். ஏற்காடு ஏறப்போற வண்டின்னா அடிவாரத்துல ஒரு நிமிஷம் நிறுத்தி வீல் ஸ்பேனர் வெச்சுப் பாத்துட்டு ஏறுங்கன்னும் சொல்றோம், சிலர் நிறுத்தறாங்க, சிலர் நேரா ஏறிடறாங்க.